ஈபன் ராங்கின் கையைக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம்

கோல்கீப்பராக இருப்பது ஈபன் ராங்கினுக்குப் பிடிக்கும். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பதுதான் பிடிக்காது. வாரமெல்லாம் சுரங்கத்தில் முதுகை வளைத்து நிலக்கரி வெட்டுகிறவன், சனிக்கிழமை மதியமாவது காலாற நடக்க வேண்டாமா? ஆட்ட விதியும் அவன் பக்கம் இருந்தது. தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் கோல்கீப்பர் பந்தைக் கையால் தொடலாம். தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, அவ்வளவுதான். ஈபன் பந்தைத் தட்டித் தட்டியே நடுக்கோடு வரை போய்விடுவான். எதிராளி குறுக்கே வந்தால் அந்தப் பெரிய உடம்பின் இடுப்பால் ஓர் இடி. வேலியோரம் நிற்கிற தெரிந்தவர்களிடம் போகிற போக்கில் நலம் விசாரிப்பதும் உண்டு. அவனுடைய அணியான பிரேஹெட் ரோவர்ஸின் ஆட்டத்துக்குக் கூடும் கூட்டத்தில் பாதி அவனுக்காக வந்ததுதான்.

1912இல் விதியை மாற்றினார்கள். இனிமேல் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி கட்டத்துக்குள் மட்டும்தான் கை.

அணியின் செயலாளர் லாக்கார்ட் கசாப்புக் கடைக்காரர். ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர்தான். எலும்பு வெட்டிக்கொண்டே ஈபனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கோட்டுக்கு வெளிய கை வெச்சா அவங்களுக்கு ஃப்ரீ கிக். காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு மிஸ்டர் லாக்கார்ட். எனக்கென்ன காது செவிடா?"

"உன் காது மேல எனக்குச் சந்தேகமில்லப்பா. கை மேலதான்."

முதல் ஆட்டத்திலேயே ஈபன் பழையபடி பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் பார்த்தால் ஒருவரும் துரத்தவில்லை. "ஏன் எல்லாரும் நின்னுட்டீங்க?" என்று கேட்டான். ரெஃபரி அவன் கையைக் காட்டினார். அடுத்த நொடி எதிரணி அடித்த ஃப்ரீ கிக் அவன் தலைக்கு மேலே பறந்து காலியான கோலுக்குள் விழுந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை.

அவன் மனைவி எஃபி ஒரு வழி செய்தாள். கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவன் கட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் "ஈபன், கோடு" என்று குரல் கொடுத்தாள். நன்றாகத்தான் போனது. ஆனால் எதிரணிக் கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டது. அவன் கட்டத்துக்குள் ஒழுங்காகப் பந்தைப் பிடித்து நிற்கும்போது ஊரே சேர்ந்து "ஈபன், கோடு" என்று கத்தியது. அவன் பதறிப்போய்ப் பந்தை எதிராளியின் காலடியிலேயே போட்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது எஃபி சொன்னாள்: "வெளிய போனா கையைப் பின்னால கட்டிக்கோ. நம்ம பாதிரியார் நடப்பாரே, அந்த மாதிரி."

"ஊர் சிரிக்கும்டி."

"இப்ப மட்டும் அழுதுகிட்டா இருக்கு?"

பக்கத்து ஊர் கேர்ன்மியூரோடு கோப்பை ஆட்டம். மழை. இரு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகிற நேரத்தில் கட்டத்துக்கு வெளியே பந்து தனியாக உருண்டது. ஈபன் ஓடினான், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டான், காலால் பந்தைத் தள்ளத் தொடங்கினான்.

"யாரும் கிட்ட போகாதீங்கடா," என்றான் கேர்ன்மியூர் அணித் தலைவன். "இதோ கையால எடுக்கப்போறான். ஃப்ரீ கிக் நமக்குத்தான்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஈபன் நடுக்கோட்டைத் தாண்டினான். அப்போதும் காத்திருந்தார்கள். எதிரணி கோல்கீப்பர் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, ஈபன் கால் நுனியால் ஒரு குத்து விட்டான். கோல். கட்டிப்பிடிக்க ஓடிவந்தவர்கள் மோதியபோதும் கோத்த கையைப் பிரிக்க மறந்து, முகம் குப்புறச் சேற்றில் விழுந்தான்.

அதோடு தலைக்கனம் ஏறிவிட்டது. "நான் முன்னால ஆடப் பிறந்தவன் மிஸ்டர் லாக்கார்ட். இத்தனை வருஷம் வீணாப் போச்சு," என்றான். ஊரும் அதையே சொன்னது. லாக்கார்ட் இறங்கிவந்து, அவனைக் கோலிலிருந்து எடுத்து முன்வரிசையில் போட்டார்.

அடுத்த சுற்று வெளியூரில். ரோவர்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கார்னர் மூலையிலிருந்து அழகான பந்து ஒன்று எதிரணிக் கோல் வாசலுக்கு மிதந்து வந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் எம்பியும் எட்டவில்லை. அவருக்குப் பின்னால் ஈபன் மட்டும் தனியாக நின்றான். தலையால் முட்டினால் போதும்.

ஈபன் எம்பினான். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தான். மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான்.

எதிரணிக் கோல்கீப்பர்தான் முதலில் பேசினார்: "ரொம்ப நன்றிப்பா. எனக்கு எட்டியிருக்காது."

தோற்றுவிட்டு ரயிலில் ஊர் திரும்பினார்கள். பாதி வழியில் லாக்கார்ட் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "பிடி என்னவோ நல்ல பிடிதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் பெட்டியே சிரிப்பில் குலுங்கியது. ஈபன் காது சிவக்க உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவனும் சிரித்துவிட்டான்.

"மிஸ்டர் லாக்கார்ட், சனிக்கிழமை கோலுக்கு ஆள் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். பெரிய உடம்புக்காரன், நல்ல பிடி, கொஞ்சம் மறதி," என்றார் லாக்கார்ட்.