மெட்டு: திருமதி ஹில்டா செல்வராஜ்

அந்தச் சனிக்கிழமை கிருபாராணி வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தவர்கள்: பாடகர் குழுவுக்கு இடம் கொடுத்து, அதனாலேயே குழுவின் தலைவியாகிவிட்ட கிருபாராணி, ஃபோனிலிருந்து தலை தூக்காத அவளுடைய பதினாறு வயது மகள் ஜோவானா, ஹில்டா ஆன்ட்டி, அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு சோபாவில் தூங்கிவிட்ட அவர் கணவர் செல்வராஜ் அங்கிள், அவர்கள் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் மார்த்தாண்டத்து பெனிஷ், கீபோர்டுக்குப் பின்னால் ஆபேல். மொத்தம் ஆறு பேர். அதில் ஒருத்தி திருடி என்பது மூன்று வாரமாக ஆபேலுக்குத் தெரியும்.

ஐசலின் நகரத் தமிழ்ச் சபையில் கிறிஸ்துமஸுக்குப் புதுப்பாட்டு என்றால் பதினோரு வருஷமாக ஆபேலின் பாட்டுதான். அலுவலகத்தில் அவனை யாரும் மதிப்பதில்லை, வீட்டிலும் அப்படித்தான். டிசம்பரில் மட்டும் ஒரு ஞாயிறு, இருநூறு பேர் அவன் மெட்டில் வாயைத் திறப்பார்கள். இந்த வருஷம் அதுவும் போயிற்று. பெனிஷ் எழுதிக் கொடுத்த பாட்டைப் போதகர் எடுத்துக்கொண்டார். சொல் பெனிஷுடையது என்பதில் ஆபேலுக்குச் சந்தேகம் இல்லை. அவனுக்குப் பொறுக்காமல் போனது தாளின் தலையில் இருந்த வரி: 'மெட்டு: திருமதி ஹில்டா செல்வராஜ்.' தாளை டைப் அடித்து நாற்பது பிரதி எடுத்தவனும் அவன்தான்.

ஹில்டா ஆன்ட்டிக்கு அறுபத்தெட்டு வயது. நல்ல மனுஷி, மீன்குழம்பில் அவரை அடிக்க ஆளில்லை. சுருதி மட்டும் அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவிலான விஷயம். அவருக்கு இப்படியொரு மெட்டு எங்கிருந்து வந்தது? ஆபேல் ஆழம் பார்த்தான்.

"எந்த ராகத்துல யோசிச்சீங்க ஆன்ட்டி?"

"ராகமெல்லாம் நான் என்னத்தக் கண்டேன் தம்பி. அடுப்படியில நின்னா வாயில ஏதாவது வரும். எல்லாம் கர்த்தர் கிருபை."

இந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் பெனிஷ் தரையைப் பார்த்தான். ஆபேல் அதையும் மனதில் குறித்துக்கொண்டான். ஒரே வீடு, ஒரே கார், ஒரே பொய்.

பிறகு ஒரு நாள், வுட்பிரிட்ஜில் டயர் மாற்றக் காத்திருந்தபோது, கடை ரேடியோவில் அந்த மெட்டு வந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம், மூன்றாவது வரியில் அதே நொடிப்பு. இங்கிலாந்துக்காரப் பெண்ணாம், தானே எழுதித் தானே பாடுகிறாளாம், இந்த மாதம் இதுதான் ஹிட்டாம். பாட்டின் பெயரை ரேடியோக்காரன் சொன்ன நேரத்தில் போல்ட் கழற்றும் மெஷின் இரைந்தது. ஆபேல் கவலைப்படவில்லை. திருட்டுப் பொருளே கையில் கிடைத்த பிறகு அதன் பெயர் யாருக்கு வேண்டும்? இருபது நொடியை ஃபோனில் பதிவு செய்துகொண்டான். மனைவி ரெபெக்காவிடம்கூட மூச்சுவிடவில்லை. யூடியூபுக்காகப் பாட்டைப் பதிவு செய்வதற்கு முந்தைய ஒத்திகைவரை அடைகாத்தான்.

இன்றுதான் அந்த ஒத்திகை.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்," என்றான். "ஆன்ட்டி, இந்த மெட்டு உங்களோடதுதானே?"

"பேப்பர்ல அப்படித்தானே போட்டிருக்கு."

"நான் பேப்பரக் கேக்கல. உங்களக் கேக்குறேன்."

"என்னண்ணா, கோர்ட் கேஸா நடத்துறீங்க? டீ ஆறுது," என்றாள் கிருபாராணி.

ஆபேல் ஃபோனை கீபோர்டின் மேல் வைத்து அழுத்தினான். இருபது நொடி. கிருபாராணியின் கையிலிருந்த கப் பாதி வழியில் நின்றது. பெனிஷ் தரையைப் பார்த்தான். ஹில்டா ஆன்ட்டி மட்டும், தெரிந்த பாட்டு வந்துவிட்ட சந்தோஷத்தில் தலையாட்டினார்.

ஜோவானா காதிலிருந்த இயர்ஃபோனைப் பிடுங்கினாள். "வெயிட், ஒய் ஆர் வீ ப்ளேயிங் ஹில்டா?"

"ஆன்ட்டின்னு சொல்லுடி," என்றாள் கிருபாராணி.

"நோ மா, த சாங். இட்ஸ் கால்ட் ஹில்டா." ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். பெரிய எழுத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது.

ஆபேல் பெனிஷ் பக்கம் திரும்பினான். "அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியாம எப்படிண்ணே? நான்தானே எழுதிக் குடுத்தேன். பாட்டுக்கு மேல, 'மெட்டு: ஹில்டா'ன்னு. எங்க ஊர் பாட்டுப் புஸ்தகத்துல அப்படித்தானே போடுவாங்க?"

அப்படித்தான் போடுவார்கள். வேறு பாட்டின் மெட்டில் புதுச்சொல் கட்டினால், அந்தப் பழைய பாட்டின் பெயரைத் தலையில் போடுவது அங்கே வழக்கம். ஆபேலும் அந்தப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் பதினோரு வருஷமாகத் தான் டைப் அடித்த எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் அவன் போட்டது மெட்டமைத்தவர் பெயரை. அதாவது, தன் பெயரை.

கிருபாராணி வாட்ஸாப் குரூப்பில் மேலே மேலே தள்ளிப் போய், பெனிஷின் கையெழுத்துத் தாளைப் பிடித்தாள். "மெட்டு: ஹில்டா. அவ்வளவுதான் இருக்கு. திருமதியும் இல்ல, செல்வராஜும் இல்ல. யாருண்ணா டைப் பண்ணது?"

"பெரியவங்க பேர மொட்டையா போடக் கூடாதுன்னு..." என்றான் ஆபேல்.

"என் பேர யாரு இழுத்தது?" என்று சோபாவில் கண் விழித்தார் செல்வராஜ் அங்கிள்.

"பேப்பரப் பாத்தப்பவே நீ வாயத் திறந்திருக்கலாமே," என்று ஆபேல் பெனிஷை விடவில்லை.

"நீங்க சினிமா மெட்டு, பாப் மெட்டு எதுவும் சபைக்குள்ள ஆகாதும்பீங்க. அதுக்குத்தான் ஆன்ட்டி பேரப் போட்டு நீங்களே மறைச்சுட்டீங்கன்னு நெனச்சேன். பெரிய மனசுன்னு நெனச்சேன்ணே. பேச்சு வந்தாத்தான் பயமா இருக்கும்."

ஹில்டா ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நான் சமைக்கிறப்போ ஏதாவது முனகிட்டே இருப்பேன். இவன் மாடியில கேட்டு எழுதிட்டான்னு நெனச்சேன். போதகர்கூட என் கையப் பிடிச்சு..." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அந்தப் பாட்டுல வர்ற ஹில்டா யாரும்மா ஜோவானா?"

ஜோவானா அம்மாவைப் பார்த்தாள். "ஹெர் டாக். இட்ஸ் டெட். இட்ஸ் ஆக்சுவலி சோ சேட்."

"நாயா?" என்றார் ஹில்டா ஆன்ட்டி.

செல்வராஜ் அங்கிளுக்குச் சிரிப்பு வெடித்தது. மனைவி முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி இருமலாக மாற்றிக்கொண்டார்.

அந்த இடத்தில் ஆபேல் ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் போதும். எல்லாரும் சிரித்து, டீயைக் குடித்துவிட்டுப் பாடியிருப்பார்கள். ஆனால் மூன்று வாரம் அடைகாத்தவனுக்கு முட்டையை விட மனமில்லை.

"சரி, நடந்தது நடந்துடுச்சு. நாய்ப் பாட்ட ஆல்டர்ல வச்சுப் பாட முடியாது. நாளைக்கு ரெக்கார்டிங். என்கிட்ட ஒண்ணு ரெடியா இருக்கு," என்று பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தான்.

கிருபாராணி மேல்தாளை வாங்கினாள். 'பாடல், மெட்டு: ஆபேல்.' கட்டின் கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தாள். "நாப்பது காப்பியும் இருக்கா?"

"இருக்கு."

"எப்போ அடிச்சீங்க?"

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"அந்தப் பாட்ட எப்போ கேட்டீங்கண்ணா?"

"டயர் கடை ரேடியோல. மூணு வாரம் ஆச்சு," என்றான் ஆபேல். பெனிஷ் இப்போது தரையைப் பார்க்கவில்லை, ஆபேலைப் பார்த்தான்.

"எனக்குத் தனியா ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்," என்றாள் கிருபாராணி. "மூணு வாரம் இருந்துச்சு. இந்தப் பொம்பளய இப்படி உக்கார வச்சிருக்க வேண்டாம்." அவள் தாளைக் கட்டின் மேலேயே திருப்பி வைத்தாள். "கோட்ட எடுத்துக்குங்கண்ணா. நாளைக்கு ஜோவானா கீபோர்ட் வாசிப்பா."

"அவளுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"ஐ நோ தட் சாங்," என்றாள் ஜோவானா.

ஆபேல் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினான். கிருபாராணி பின்னாலேயே வந்தாள். ஷூ போடக் குனிந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. ஹில்டா ஆன்ட்டிதான் முதல் வரியை எடுத்தார், எப்போதும்போல் சுருதி விலகி. செல்வராஜ் அங்கிள் தாளம் தட்டினார்.

"நான் திருமதி போட்டது மரியாதைக்குத்தான்," என்றான் ஆபேல், வாசலுக்கு வெளியே நின்று.

"தெரியும்ணா," என்று கதவைச் சாத்தினாள் கிருபாராணி. அவன் முதல் படியில் கால் வைப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.