கும்பிடும் பிள்ளை

என் மகள் அனுப்பிரியா தூங்கி எழுந்ததும் கும்பிடுவாள். ஆறு மாதம் முடிந்த வாரத்தில் அது தொடங்கியது. இரண்டு கைகளும் சட்டென்று மேலெழும்பி முன்னால் சேரும், தலை குனியும். விட்டுவிட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை.

"அட சாமி, ஆரு கண்ணு சொல்லிக் குடுத்தா?" என்றார் வேலாத்தாள். நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் சொந்தக்காரர். நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர். "ஏனுங்க தம்பி, இவ கும்புடறது உங்கூர்ச் சாமியவா, எங்கூர்ச் சாமியவா?"

"எங்க சுடலைமாடனத்தான்" என்றார் என் கணவர் இசக்கிமுத்து. "நீங்க நேரத்துக்குத் தண்ணி மோட்டாரப் போடணும்னு வேண்டுதா."

எல்லோரும் சிரித்தோம். நான் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் செக்கிங் பெண்கள் என் போனுக்காகக் காத்திருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து அம்மா தினமும் புதிதாக ஒன்று கேட்டாள். அதுவரை என்னிடம் யாரும் எதையும் அப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில், மடியில் தூங்கிக் கண் விழித்தவள் கும்பிட்டாள். "உங்களத்தான் கும்பிடுதா" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து கடைசிவரை பார்த்தார். அன்றைக்கே கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் இசக்கிமுத்து தணிந்த குரலில் சொன்னார்: "கேட்டா ஒரு வாரமாத்தான்னு சொல்லு. நம்மள என்ன நினைப்பாங்க?"

டாக்டரம்மா, இது கும்பிடு இல்லை, மூளையில் உண்டாகிற ஒரு வகை வலிப்பு என்றார். "எப்ப இருந்து?"

பொய் சொன்னால் மருந்து தப்பாகிவிடுமோ என்று பயந்து போனை நீட்டினேன். தேதியோடு அறுபத்திரண்டு வீடியோக்கள். ஒவ்வொன்றிலும் என் குரல்: "இன்னொரு தரம், என் ராசாத்தி. இன்னொரு தரம்."

"முடிஞ்சதும் என்ன பண்ணுவா?"

"அழுவா."

"ஒண்ணுலயும் அழுகையக் காணோமே?"

முகம் சிவந்து, யாரோ அடித்ததுபோல வீறிடுவாள். ஸ்டேட்டஸுக்கு அது நன்றாக இருக்காது என்று அதற்குள் நிறுத்திவிடுவேன். அந்த அழுகையை அத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"முதல் வாரமே வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வலிப்ப நிறுத்தப் பாக்கலாம்மா. போனதுல எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

என்ன போயிற்று? வீட்டுக்கு வந்து போனில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் முன்னால், கும்பிடு தொடங்குமுன் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. பாயில் குப்புறக் கிடக்கிறாள். "அனு" என்கிறேன். கழுத்தைத் தூக்கி, அங்கும் இங்கும் தேடி, என்னைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறாள்.

பக்கத்தில் கிடந்தவளை அதேபோலக் கூப்பிட்டேன். கண்கள் மின்விசிறியை விட்டு நகரவில்லை. அவள் காதருகே போனை வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். என் குரல் மறுபடி மறுபடி கூப்பிட்டது. அவள் திரும்பவில்லை.

எந்த நாளிலிருந்து திரும்பாமல் போனாள் என்று தேடினேன். அதை நான் எடுக்கவில்லை.