ஆள் ஏறிய பிறகு முறுக்க வேண்டிய நட்டுகள்

அப்பாவின் கணக்குப்படி இன்னும் நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணி. செவ்வாய் காலை ஒன்பதுக்கு அம்மாவுடன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்குள் பிக்கப் வண்டியின் ஆட்டத்தை நிறுத்திவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அப்பா தண்ணீர் பம்ப் மெக்கானிக். பம்புகளையும் குழாய்களையும் ஏற்ற வாங்கிய வண்டி அது. மாதம் இரண்டு முறை பின்சீட்டில் அம்மாவைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எழும்போது அம்மாவுக்கு முதுகெலும்பில் வலி பிடிக்கும். நோய் இப்போது அங்கேதான் இருந்தது. போன முறை மேம்பாலத்து வளைவில் அம்மா தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

நேற்று பழைய வண்டிகளைப் பிரிக்கும் கடைக்குப் போனார். முன்பக்கம் நசுங்கிக் கிடந்த அதே மாடல் வண்டியிலிருந்து ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பின்னச்சுக்குக் குறுக்கே போகும் வளைந்த இரும்புக் கம்பி. வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால் இழுத்துப் பிடிக்கும். எங்கள் வண்டிக்குக் கம்பெனியில் அதைப் போடவில்லை. ஆனால் மாட்டுவதற்கான ஓட்டைகள் மட்டும் சட்டத்தில் இருந்தன.

அவர் அந்தக் கடையில் இருந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மாவும் கேட்டாள். டாக்டர் நிதானமாக, நல்ல விதமாகவே பேசினார். போனை வைத்த பிறகு அம்மா வெகு நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது," என்றாள். பிறகு, "இப்ப வேண்டாம். அந்தக் கம்பிய மாட்டி முடிக்கட்டும்."

"இனி அத மாட்டி என்னம்மா பண்றது?"

"மாட்டட்டும்டி. ரெண்டு வருஷமா டாக்டருங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு நிக்கிறாரு. இது ஒண்ணாவது அவர் கையால முடியட்டும்."

ஆக, வேலை முடிந்ததும் நான் சொல்ல வேண்டும். வேலை முடியாமல் இருக்க என்னால் ஆனதையெல்லாம் செய்தேன்.

"பதினேழு குடு," என்று வண்டிக்கு அடியிலிருந்து கை நீண்டது. பதினாலைக் கொடுத்தேன்.

"தாயே, பதினேழு கேட்டேன். பிசிக்ஸ் படிச்ச பிள்ளைக்கு ஸ்பேனர்ல இருக்கிற நம்பர் தெரியலையா?"

"ஸ்பேனர் எங்க சிலபஸ்ல இல்லப்பா."

"பின்ன என்னத்த நடத்துனாங்க?"

"முறுக்குவிசை."

"ஸ்பேனர் இல்லாமயா? நல்லா நடத்துனாங்க போ."

பாரின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். போதும் என்ற பிறகும் தேய்த்தேன். "அது என்ன கல்யாணப் பொண்ணா? விடு," என்றார். ஒரு நட்டை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டேன். அவர் கன்னத்தைத் தரையில் வைத்து அதைத் தேடினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினார். எனக்குத் தாங்கவில்லை. அவர் முழங்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதோ கிடக்குப்பா," என்றேன்.

இரண்டு மணிக்கு எல்லாம் மாட்டியாகிவிட்டது. நட்டுகள் மட்டும் தளர்வாக இருந்தன. ஜாக்கியை இறக்கி வண்டியைத் தரையில் நிறுத்தினார்.

"இப்பவே இறுக்கக் கூடாது. ரப்பர் இருக்குல்ல? வண்டி எந்த எடையில ஓடுமோ அந்த எடையில வச்சு முறுக்கணும். இல்லன்னா திருகிக்கிட்டே இருந்து கிழிஞ்சிரும். அம்மாவ கூட்டிட்டு வா."

"ஏதாவது மூட்டைய வைக்கலாமேப்பா."

"மூட்டையா ஆஸ்பத்திரிக்கு வரப்போகுது?"

ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னங்க, அப்பனும் மகளும் வண்டிக்கு அடியிலயே குடித்தனம் வச்சிட்டீங்களா?"

"நீயும் வா. இடம் இருக்கு," என்றார் அப்பா.

அம்மாவைத் தூக்கினேன். தூக்கும் முன் மூச்சை இழுத்துப் பிடித்தது வீண். பின்சீட்டில் மெல்லப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். அப்பா மறுபடி அடியில் போயிருந்தார்.

"ம், ஏறச் சொல்லு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் ஏறலையா?"

"அம்மா ஏறியாச்சுப்பா. படுத்தாச்சு."

குனிந்து பார்த்தேன். பட்டை ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்துகொண்டிருந்தார். வண்டி ஒரு நூல்கூட இறங்கியிருக்கவில்லை. இன்னொரு முறை அளந்தார்.

"சரி," என்றார். "ஸ்பேனரக் குடு."

நான்கு நட்டுகள். முதல் மூன்றும் சுலபமாக இறுகின. நான்காவது கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது.

வெளியே வந்து கையைத் துடைத்தார். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பலம் முழுவதையும் போட்டு ஆட்டினார். கொஞ்சம் அசைந்தது, உடனே நின்றுவிட்டது.

"என்ன, எப்படி?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"தொட்டில் மாதிரி இருந்துச்சு. இப்ப கட்டில் மாதிரி இருக்கு."

அப்பா சிரித்தார். நோய் தெரிந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "செவ்வாய்க்கிழமை மேம்பாலத்துல ஒரு டம்ளர் தண்ணிய கையில குடுக்கிறேன். ஒரு சொட்டு சிந்துதா பாரு."

அம்மா அவர் தோளைத் தாண்டி என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையசைத்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"செவ்வாய்க்கிழமை போக வேண்டாம்ப்பா. நேத்து டாக்டர் போன் பண்ணாரு. இனி எந்த மருந்தும் கேக்காதாம். கூட்டிட்டு வர வேண்டாம், வீட்லயே வச்சுப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாரு."