மேலே தெரிந்த தொகை

அக்கா வீட்டு வாஷிங் மெஷினைச் சரிசெய்து கொடுத்ததற்காக, அக்கா புருஷன் அவனுக்குக் கொஞ்சம் கிரிப்டோ அனுப்பினார். “காசா கொடுத்தா செலவாயிடும். இதை வச்சுப் பழகிக்கோ மாப்ள” என்றார். அவன் லிஃப்ட் மெக்கானிக். மாமா ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். வாயைத் திறந்தாலே பஞ்சப்பாட்டுதான் பாடுவார். அக்கா ஒரு சலவைக் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில், உதிரிபாகம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தபோது, மெக்கானிக் போனில் ஒரு தளத்தைத் திறந்தான். யாருடைய வாலட் முகவரியை, அதாவது கிரிப்டோ கணக்கின் எண்ணைக் கொடுத்தாலும், அவர் கிரிப்டோவை எங்கெங்கே போட்டிருக்கிறார் என்பதை அது ஒரே பக்கத்தில் காட்டிவிடும். எடுக்க முடியாது, பார்க்க யாருக்கும் தடையில்லை. மாமா அனுப்பியபோது அவருடைய முகவரியும் கூடவே வந்திருந்தது. விளையாட்டாக அதைப் போட்டான்.

மேலே பெரிய எழுத்தில் ஒரு தொகை வந்தது. ஒரு நல்ல வீட்டின் விலை.

அவன் அந்தத் தொகையை இன்னொரு தடவை படித்தான். சலவை மருந்தில் வெந்து தோலுரிந்த அக்காவின் கைகள் ஞாபகம் வந்தன.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்றான் கூட வேலை பார்ப்பவன். அவனுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். காதில் விழுந்ததை நாலு பேருக்கு ஒலிபரப்பாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

“எங்க மாமா எவ்வளவு பெரிய அமுக்குணின்னு பாரு.”

ரேடியோ போனை வாங்கிப் பார்த்தான். “லென்ஸ் தேய்க்கிறவரா? நம்ம முதலாளியையே விலைக்கு வாங்குவாரு போலிருக்கே.”

இருவரும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது, “புது வீடு எப்போ மாமா?” என்று குத்தலாகக் கேட்டான்.

“இந்த வீட்டு வாடகைக்கே முழி பிதுங்குது மாப்ள” என்றார் மாமா. நல்லாத்தான் நடிக்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம், அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், பார்சல் என்று சொல்லி மூன்று பேர் வந்தார்கள். மாமா அன்று காய்ச்சலால் விடுப்பில் இருந்தார். அவரை நாற்காலியில் கட்டிவைத்து, போனில் அதே பக்கத்தைக் காட்டி, பணத்தை மாற்றிவிடச் சொன்னார்கள். சாயங்காலம் அக்கா வந்து கதவைத் திறந்தபோது அவருக்கு நினைவில்லை. வலது கையில் ஒரு விரல்கூட முழுசாக இல்லை.

ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியதும் மாமா மெதுவாகச் சொன்னார்.

“கீழ பாருங்கடான்னு கெஞ்சினேன். அது மொத்தமும் அடகுல கிடக்கு, அதுமேல வாங்கின கடன் கீழ போட்டிருக்குன்னு சொன்னேன். அதை அடைச்சாதான் இதை எடுக்க முடியும். பொய் சொல்றியான்னு ஒவ்வொரு விரலா...”

“என்ன கடன்?” என்றாள் அக்கா.

மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். முதலில் லாபம் வந்ததாம். அதை அடகு வைத்துக் கடன் வாங்கி, அந்தக் கடனையும் இன்னொன்றில் போட்டாராம். அது அடியோடு போய்விட்டதாம். மீட்டுவிட்டு அப்புறம் அவளிடம் சொல்லலாம் என்று இருந்தாராம். அக்கா போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

மெக்கானிக் வராந்தாவுக்கு வந்து போனைத் திறந்தான். மாமாவின் முகவரியைப் போட்டு, முதல்முறையாகக் கீழே தள்ளிப் பார்த்தான். கடன் இருந்தது. மேலே தெரிந்த தொகையிலிருந்து அதைக் கழித்தால், அவர் உண்மையில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மாத வாடகை தேறும். அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

அக்கா வெளியே வந்தாள். “அந்த வாலட் முகவரி யாருக்குத் தெரியும்னு போலீஸ்காரர் கேட்கிறார்.”

“எனக்குத் தெரியும்க்கா. நான்தான் ரேடியோகிட்ட காட்டினேன். சும்மா, சிரிக்கத்தான்.”

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. “அவர்கிட்டயே போய்ச் சொல்லு” என்று போலீஸ்காரரைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

சொன்னான். ரேடியோ யாரிடம் சொன்னான், அந்த ஆள் யாரிடம் சொன்னான் என்று விசாரணை நூல் பிடித்துக்கொண்டே போய் ஒருவன் அகப்பட்டான். மற்ற இருவர் அகப்படவில்லை. மாமாவின் கை லென்ஸைப் பிடிக்கிற கையாகத் திரும்பி வரவில்லை. கடைக்காரர் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார். அக்கா வீடு மாறினாள். விலாசத்தைத் தம்பிக்குச் சொல்லவில்லை.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். காலையில் கூப்பிட்டாலும் மத்தியானம் கூப்பிட்டாலும், “அவர் தூங்குறார்” என்று சொல்லி வைத்துவிடுவாள். ஒருமுறை அவள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

“யாரு?”

“ராங் நம்பர்” என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடவில்லை.