மணி இரண்டு பத்து என்று ஒரு குறிப்பு

மார்லிஸ் கையிலிருந்த காபி ஜாடியைச் சிநேகிதி ஆர்லீன் பிடுங்கிக்கொண்டாள்.

"புருஷனைப் புதைச்சு ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள பரிமாற வந்துட்டியா? போய் உட்காருடி."

"உட்கார்ந்தா ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிக்கிறாங்க."

"பிடிச்சா என்ன, தேய்ஞ்சா போயிடும்?"

மினசோட்டாவின் வடகோடியில், அந்தச் சிற்றூர் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில், சாவு வீட்டுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பன்றி இறைச்சி வைத்த பன், ஊறுகாய், எலுமிச்சைக் கேக் துண்டம். சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு மட்டும் மூன்று பாத்திரம். மூன்று பெண்கள் கொண்டுவந்தவை. ஒன்றில் எடுத்துக்கொண்டால் மற்ற இருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மார்லிஸ் மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி வாங்கி, எதையும் தின்னாமல் உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பாஸ்டர் ரோல்ஃப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். "நீங்க பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெர்லின் போய்ச் சேர்ந்துட்டார், மார்லிஸ். மேலே இருந்து முழுப் பாட்டையும் கேட்டிருப்பார்."

இதை ஊருக்குச் சொன்னவளே அவள்தான்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சர்ச் பாடகர் குழுவின் கச்சேரி. முப்பது வருஷம் பின்வரிசையில் நின்றவளுக்கு முதல்முறையாக இரண்டு சரணம் தனியாகப் பாடக் கொடுத்திருந்தார்கள். "முன்வரிசையில உட்காருவேன்" என்று வெர்லின் வாக்குக் கொடுத்திருந்தான். ஐந்து மணிக்கு அவள் கிளம்பும்போது வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இருந்தான். முன்வரிசை நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது.

எட்டுக்குக் கால்மணி இருக்கும்போது வீடு திரும்பினாள். பேஸ்மென்ட் கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. கூப்பிடவில்லை. தன் கோபம் அவனுக்குக் கேட்கட்டும் என்று குதிகால் உயர்ந்த செருப்போடு வேண்டுமென்றே அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். ஆறிப்போன ஆப்பிள் கேக்கை நின்றபடி தின்றாள். ஒன்பதுக்கு அறைக் கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு மிச்சச் சண்டையைப் போடக் கீழே இறங்கினால், ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியபடியே நாற்காலியில் சில்லிட்டுக் கிடந்தான்.

"முந்தின நாள் சாயங்காலம் எப்பவாவது நடந்திருக்கும்" என்றார் டாக்டர்.

"ஆறு மணிக்கு முன்னாடியா?"

"இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு நாளாக அவள் நடமாடினாள். ஆறுக்கு முன்னால் என்றால் அவன் வாக்குத் தவறவில்லை. அவள் தரையை மிதித்தபோதும் அவன் இல்லை. அவள் கீழே இறங்காததில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

கூடத்தின் வாசலில், கையில் ரோமத் தொப்பியோடு ஒரு நெட்டை மனிதர் தயங்கி நின்றார். மகள் லினெட் அவரை அழைத்துவந்தாள்.

"அம்மா, இவர் டெல்மர் வீபே. கனடாவுல மனிடோபாவிலேர்ந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கார். அப்பாவோட பாட்காஸ்ட் கேக்கறவராம்."

மார்லிஸுக்கு அந்தப் பெயர் தெரியும். இராப்பொழுதுகளில் ரேடியோவைத் திருகித் திருகி, எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் நிலையத்தை இரைச்சலுக்குள்ளிருந்து பிடிப்பதுதான் வெர்லினின் பைத்தியம். பிடித்ததை நேரத்தோடு குறித்து வைப்பான். பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் அதைப் பற்றிப் பாட்காஸ்டில் பேசினான்; மற்றவர்கள் அனுப்பும் குறிப்புகளையும் படிப்பான். கேட்பவர்கள் அறுபத்தொரு பேர். மார்லிஸ் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. அரை நிமிஷ வித்தியாசத்துக்காக வெர்லினோடு மூன்று வாரம் மல்லுக்கு நின்ற ஆசாமிதான் இந்த டெல்மர்.

"மிஸஸ் டாலஃப்சன், மனசைத் தேத்திக்கோங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவர் ஞாயித்துக்கிழமை பேசலேன்னதும் எங்க வீட்ல யாரோ ஜன்னலை உடைச்சுட்ட மாதிரி இருந்துச்சு."

"ஆறு மணி நேரம் ஓட்டியிருப்பீங்க. முதல்ல சாப்பிடுங்க. மூணு பாத்திரத்துலயும் எடுத்துக்கோங்க, இல்லேன்னா வம்பு."

அவர் சிரித்தார். கூச்சம் விலகியதும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "அவரோட கடைசிக் குறிப்பு எனக்குத்தான் ஈமெயில்ல வந்துச்சு. வெள்ளிக்கிழமை, ரெண்டு பத்துக்கு."

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்குக் காலையில நான் பார்க்கும்போதே..."

மார்லிஸ் பாதியில் நிறுத்தினாள். இந்த ரேடியோக் கூட்டம் உள்ளூர் நேரம் எழுதாது. எல்லோரும் உலகம் முழுக்க ஒரே நேரம், லண்டன் நேரம்தான் எழுதுவார்கள். பேஸ்மென்ட் கடிகாரமும் அதைத்தான் காட்டும். அதை நம்பிப் போய் ஒருமுறை பல் டாக்டர் வாசலில் இளித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆறு மணி நேரம் கழிக்க வேண்டும். வெள்ளி இரண்டு பத்து என்றால், இங்கே வியாழன் இரவு எட்டு பத்து.

எட்டு பத்துக்கு அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"டாக்டர் ஆறு மணின்னு சொன்னார்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

டெல்மர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு லினெட்டைப் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது. "அப்படின்னா... என் கடிகாரம் தப்பா இருக்கும். பழைய கடிகாரம். ரெண்டு மூணு மணி நேரம்கூட முன்னே பின்னே ஓடும்."

அரை நிமிஷத்துக்காகச் சண்டை போட்ட மனிதர் தட்டை வெறித்துக்கொண்டு அதைச் சொன்னார். இவ்வளவு பெரிய பொய்யை அவர் வாழ்நாளில் சொல்லியிருக்க மாட்டார்.

"என்ன எழுதியிருந்தார்?"

"ஏதோ ஒரு நிலையம். வேற ஒண்ணும் இல்ல."

"காட்டுங்க."

"அம்மா, இப்ப எதுக்கு?" என்றாள் லினெட்.

"நீ போய் ஆர்லீனுக்குத் தட்டு எடுத்துக் குடு."

லினெட் போனதும் டெல்மர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. வரவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க சில பேர் சேர்ந்து ஒரு கடைசி நிகழ்ச்சி போடலாம்னு இருக்கோம்" என்றார் டெல்மர் தணிந்த குரலில். "அவர் குறிப்பைப் படிக்கணும்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் நேரத்தை விட்டுட்டு, நிலையத்தை மட்டும் படிச்சுடறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"நேரம் இல்லாத குறிப்பை அவர் படிப்பாரா?"

டெல்மர் தொப்பியின் ரோமத்தைத் தடவினார்.

"திருப்பி அனுப்பிடுவார். எனக்குத் தெரியும். அந்தச் சண்டையெல்லாம் என் தலைமேலதான் விடியும்." மார்லிஸ் எழுந்தாள். "இங்க ஒரே சத்தம். வாங்க, நானே படிக்கிறேன்."

கோட்டு மாட்டும் அறைக்குள் போனார்கள். கம்பி முழுக்க ஊராரின் குளிர்கோட்டுகள். ஈரக் கம்பளி வாசனை. டெல்மர் கைபேசியை எடுத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நான் வெர்லினோட சம்சாரம்" என்றாள் மார்லிஸ். கச்சேரியில் நின்றதைப் போலவே முதுகை நிமிர்த்தி நின்றிருந்தாள். பிறகு தாளைப் படித்தாள்.

"மணி ரெண்டு பத்து. கரீபியன் பக்கத்து நிலையம் ஒண்ணு. இரைச்சலுக்கு அடியில யாரோ பாடுறாங்க. நிலையத்தோட பேர் இன்னும் சொல்லல. டெல்மர், இன்னிக்கு நான் பண்ணின கூத்தைக் கேளு. மார்லிஸ் பாடுறா, ஆறு மணிக்குப் போகணும்னு மனசுல வெச்சிருந்தேன். இங்க நம்ம கடிகாரத்தைப் பார்த்தா பன்னெண்டரை. அது லண்டன் நேரம்ங்கறதே மறந்துபோச்சு. ஆறு மணிக்கு இன்னும் நேரம் கிடக்குன்னு உட்கார்ந்துட்டேன். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணினதில்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள்.

"இப்ப வந்துட்டா. தலைக்கு மேல நடக்குறா. அந்த நடைக்கு முன்னாடி போய் நிக்க எனக்குத் தைரியம் இல்ல. மத்தியானத்துலேர்ந்து நெஞ்சு வேற எரியுது. அவ கோபம் தணியட்டும்..."

அதற்குப் பிறகு மூன்று சொற்கள்தான். 'அப்புறம் போய்ப் பேசிக்கிறேன்.' மார்லிஸின் விரல் அந்த இடத்தில் நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

டெல்மர் ஒலிப்பதிவை நிறுத்தவில்லை. தன் கையைத் தன் இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, கைபேசியை அப்படியே பிடித்திருந்தார். திரையில் வினாடிகள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன.