கைமாறிய கப்பல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அனுசியா சேதி வாசிப்பாள். முத்தையாபுரத்தில் அவள் வீட்டு முன்னறையில், கணவன் மாரிச்செல்வம் பிடித்துக்கொண்டிருக்கும் செல்போனைப் பார்த்து வாசிப்பாள். 'மாரென்டோர் சேதி' என்பது அவளுடைய யூடியூப் சேனலின் பெயர்.

மாரென்டோர் ஓர் ஆன்லைன் விளையாட்டு. பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, தீவுகளும் கடலுமாக விரிந்த ஒரு நாட்டில் வருடக்கணக்காகத் திரிவார்கள். வைத்தியராகலாம், வில்லாளியாகலாம், மாலுமியாகலாம். ஃபின்லாந்தில் இருக்கும் ஒரு கம்பெனி அதை நடத்தியது. மாதம் ஒருமுறை விதிகளை மாற்றும். மாற்றியதையெல்லாம் நீளமான ஆங்கில அறிக்கையாகப் போடும். அதை முழுதாகப் படிக்கிறவர்கள் குறைவு. அனுசியா படிப்பாள். வார நாட்களில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஷிப்பிங் பில்களை வரி வரியாகச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. அந்தப் பழக்கம் இங்கேயும் உதவியது.

"வைத்தியரா வெளையாடுதவங்களுக்கு இந்த மாசம் நேரம் சரியில்ல. முந்தி ஒரு மந்திரத்துல நாலு பேரைக் காப்பாத்துனிய. இனிமே ரெண்டு பேரைத்தான் காப்பாத்த முடியும். யாரைக் காப்பாத்தணும்னு இப்பமே யோசிச்சு வச்சுக்கிடுங்க."

இப்படித்தான் பேசுவாள். வாரம் மூவாயிரம் பேர் பார்த்தார்கள். நான்கு வருடமாக அவள் சொன்ன சேதி எதுவும் பிசகியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் ஒரு படத்தைப் பார்த்தாள். கம்பெனிக்குள் போன மின்னஞ்சல் ஒன்றை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஆசிய சர்வரின் இயக்கம் மாதக் கடைசியோடு நிறுத்தப்படும் என்று அதில் இரண்டு வரி இருந்தது. இந்தியாவிலிருந்து விளையாடுகிற எல்லோரும் அந்தச் சர்வரில்தான் இருந்தார்கள். அது நின்றால் அவர்களுக்கு மாரென்டோரே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டாள்.

"போனை எடுங்க. ஒரு அவசரச் சேதி."

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். விளையாட்டில் அவனுக்கு நாட்டமில்லை. ஆனால் நான்கு வருடமாகக் கேட்டுக் கேட்டு விதியெல்லாம் தெரியும்.

"கம்பெனிக்காரன் சொல்லிட்டானா?" என்றான்.

"இன்னும் சொல்லல. எல்லாரும் சொல்லுதாவ."

"எல்லாரும்னா?"

"இங்கிலீஷ்ல ரெண்டு சேனல் போட்டாச்சு. இந்திக்காரரு நாளைக்குப் போட்டுருவாரு. நான் ஞாயித்துக்கிழமை வரை உக்காந்துட்டு இருந்தா பழைய சேதியாயிரும். புடிங்க நீங்க."

அவன் பிடித்தான். 'மாரென்டோர் மூடப்படுகிறது' என்று தலைப்புப் போட்டாள். கேள்விக்குறி போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்ததை அவள் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். விளையாட்டுக்குள் போய்ப் பார்த்தாள். பெரிய துறைமுக நகரத்தின் படித்துறை முழுக்க ஆட்கள். தமிழ் பேசுகிற குழுக்கள் வட்டமாக நின்று வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். 'போயிட்டு வாரோம்' என்று தலைக்கு மேல் எழுத்துகள் மிதந்தன. வருடக்கணக்காகச் சேர்த்த வாளையும் குதிரையையும் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த ஊருக்கு நாம்தான் சேதி சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றியது. அது வருத்தமாகவும் இருந்தது. உள்ளுக்குள் ஒரு மிதப்பாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி அறிவிப்பு வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பழைய இயந்திரங்கள் நிறுத்தப்படுகின்றன. அங்கே இருக்கும் கணக்குகள் எல்லாம் மும்பையில் புதிதாக அமைக்கும் சர்வருக்கு மாறுகின்றன. யாருடைய பொருளும் எங்கும் போகாது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இனி வேகம் கூடும்.

அனுசியா அலுவலக நாற்காலியில் அதை மூன்று தடவை படித்தாள். துறைமுகத்தில் கப்பல் கட்டும் இடமான பெர்த் மாறுவது அவளுக்குத் தினமும் காதில் விழுகிற சேதி. இன்றைக்கு ஐந்தாம் பெர்த், நாளைக்கு ஏழாம் பெர்த். பெர்த் மாறுகிறது என்றதும் கப்பலை உடைக்கப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் அவளே சிரித்திருப்பாள்.

வீடியோவின் கீழே வசவுகள் குவிந்திருந்தன. அவற்றையெல்லாம் அவளால் தாங்க முடிந்தது. நடுவில் ஒன்றுதான் அவளைச் சுருட்டிப் போட்டது.

'நான் கப்பலைக் குடுத்துட்டேன் தங்கச்சி. பரவாயில்ல. நீங்க தெரிஞ்சா சொன்னிய?'

எழுதியவர் பெயர் மரியான். ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு 'வணக்கம் தங்கச்சி' என்று மட்டும் எழுதுகிறவர். அவருடைய கப்பலையும் அவளுக்குத் தெரியும். மூன்று பாய்மரம் உள்ள கப்பல். தமிழ் விளையாட்டுக்காரர்களில் அந்த வகைக் கப்பலைக் கட்டி முடித்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். 'தஸ்நேவிஸ்' என்று பெயர் வைத்திருந்தார். தூத்துக்குடிக்காரர் அல்லாமல் வேறு யாரும் பனிமய மாதாவின் அந்தப் பெயரைக் கப்பலுக்கு வைக்க மாட்டார்கள்.

'அண்ணே, நீங்க தூத்துக்குடியா?' என்று எழுதினாள்.

'திரேஸ்புரம்' என்று பதில் வந்தது.

சனிக்கிழமை மதியம் மாரிச்செல்வத்தின் பைக்கில் திரேஸ்புரத்துக்குப் போனாள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. மரியானுக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். அகன்ற மார்பு, சிவந்த கண்கள். சங்கு குளிக்கிறவர். கச்சான் வீசும் மாதங்களில் கடலடி கலங்கிக் கிடக்கும். சங்கு குளிக்கிறவர்களுக்குத் தொழில் இல்லை. அந்த நாட்களில்தான் அவர் மாரென்டோரில் அதிகம் இருந்தார்.

"இதுக்குப் போயி வீட்டுக்கே வந்தியளா?" என்றார். அவருக்குக் கூச்சமாக இருந்தது. "ஒரு வெளையாட்டுதான தங்கச்சி. போச்சுன்னா போச்சு."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "நேத்துலருந்து இவுக ஒழுங்கா சாப்பிடல. மீன் கொழம்பு வச்சும் அப்படியே இருக்கு. நான் யாரும் செத்துட்டாவளோன்னு நெனச்சேன்."

மரியான் சிரிக்க முயன்றார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டுச் சொன்னார்.

"நாலு வருசம் ஆச்சு அதைக் கட்டி முடிக்க. ஒவ்வொரு பலகையா சேத்தேன். அங்கனயும் முங்கி முத்து எடுத்துதான் சேத்தேன். எனக்குக் கரையில சொந்த வள்ளம் கிடையாது, தங்கச்சி. எங்கப்பாவுக்கும் இல்ல. இருபத்தஞ்சு வருசமா அடுத்தவங்க வள்ளத்துலதான் போறேன். அங்கன ஒண்ணு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அனுசியா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நான் யாருகிட்டயும் கேக்காம சொல்லிட்டேன். கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். முந்திக்கணும்னு தோணிட்டு. எம்மேல தப்பு."

"சரி, விடுங்க" என்றார் மரியான். அது பேச்சுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் சொல்லி முடித்ததில் அவருக்கு எங்கேயோ இறுக்கம் தளர்ந்திருந்தது. தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்து மாரிச்செல்வத்திடம் நீட்டினார்.

"யாருக்குக் குடுத்திய?" என்று மாரிச்செல்வம் கேட்டான்.

"ஒரு புது ஆளு. படித்துறையில நின்னுச்சு. கப்பல்ல ஏறுததுக்கு வழியில்லாம, ரெண்டு தீவுக்கு நடுவுல நீந்தியே போயிரலாம்னு குதிச்சுச் செத்து, குதிச்சுச் செத்து, திரும்பத் திரும்ப வந்து நின்னுச்சு. பாவமா இருந்துச்சு. மூடத்தானே போறாவ, நாலு நாளைக்காவது கடலைப் பாக்கட்டும்னு குடுத்துட்டேன்."

கைமாற்றிய கப்பலை ஒரு வருடத்துக்கு மறுபடி கைமாற்ற முடியாது என்பது மாரென்டோரின் விதி. மூன்று பேருக்கும் அது தெரியும்.

மறுநாள் ஞாயிறு. அனுசியா பழைய வீடியோவை அழிக்கவில்லை. 'இந்தச் சேதி தவறு' என்று தலைப்பை மாற்றினாள். புது வீடியோவில் முதல் விஷயமாக அதையே பேசினாள். தான் பார்த்தது ஒரு படம் மட்டும் என்றும், கம்பெனியிடம் கேட்கவில்லை என்றும், தன் பேச்சைக் கேட்டுப் பொருளைக் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும், அதில் ஒருவர் தஸ்நேவிஸ் என்ற கப்பலையே கொடுத்துவிட்டார் என்றும் சொன்னாள். குரல் ஒரு இடத்தில் தடுமாறியது. மாரிச்செல்வம் திரும்ப எடுக்கவா என்று சைகையால் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மும்பை சர்வரைப் பற்றிய சேதிக்குப் போனாள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவள் ஜெமி. நாசரேத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள்.

"அக்கா, அந்தத் தஸ்நேவிஸ் எங்கிட்டதான் இருக்கு. குடுத்தவரு வெளையாட்டை விட்டே போயிட்டாருன்னு நெனச்சேன். எனக்குக் கப்பல் ஓட்டவே தெரியலக்கா. மூணு தடவை பாறையில மோதிட்டேன். அவரு பாத்தா அழுதுருவாரு. திருப்பிக் குடுக்கப் போனா விட மாட்டேங்குது. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அனுசியா கம்பெனிக்கு எழுதினாள். விதிக்கு விலக்கு கிடையாது என்று ஒரு பதில் வந்தது.

ஆனால் கப்பலின் சொந்தக்காரர் யாரை வேண்டுமானாலும் சுக்கான் பிடிக்க வைக்கலாம். ஜெமி மரியானைக் கூப்பிட்டாள். முதல் நாள் அவர் வந்து நின்றபோது அவர் பெயருக்குக் கீழே 'பணியாள்' என்று காட்டியது.

"இங்கனயும் இதுதானா?" என்றார், விளையாட்டின் குரல் அழைப்பில்.

ஜெமிக்கு அது விளங்கவில்லை. "அண்ணே, எனக்கு அந்த வார்த்தையை மாத்தத் தெரியல. நீங்க ஓட்டுங்க. நான் பாட்டுக்கு ஓரமா நின்னு தூண்டில் போடுதேன்" என்றாள்.

அவர் ஓட்டினார். பாறை மோதிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பலகை மாற்றினார். தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் வந்தார். அனுசியா கேட்கும்போதெல்லாம், நல்லாத்தான் இருக்கு என்றார். அந்த 'தான்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

மும்பை மாற்றத்துக்கு ஐந்து நாள் முன்னால் கம்பெனி புதிய அறிக்கையை வெளியிட்டது. அறுபத்திரண்டு பக்கம். அனுசியா மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துச் சாப்பிட்டபடி படித்தாள். ஆயுதங்கள், ஆடைகள், மீன் வகைகள், வானிலை. நாற்பத்தேழாம் பக்கத்தில், படகுத் துறை என்ற தலைப்பின் கீழே, எல்லோரும் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு வரி இருந்தது. இனி ஒரு கப்பலுக்கு இருவர் சமபங்கில் உரிமையாளராக இருக்கலாம்.

உடனே போனை எடுத்தாள். மரியானின் எண்ணை அழுத்தப் போனவள் நிறுத்தினாள். கைமாறிய கப்பலுக்கு இருக்கும் ஒரு வருடத் தடை இதற்கும் பொருந்துமா என்று அந்த வரியில் இல்லை. பொருந்தினால் அந்த மனிதருக்கு இரண்டாவது தடவையும் பொய் சொன்னதாகிவிடும். கம்பெனிக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. அதற்குள் வேறு சேனல்கள் கூட்டு உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டன. அவள் பேசவில்லை.

"ஏளா, உன் பொறுமை எனக்கே பயமா இருக்கு" என்றான் மாரிச்செல்வம்.

மூன்றாம் நாள் காலை பதில் வந்தது. தடை முழுக் கைமாற்றத்துக்கு மட்டும். பங்கு கொடுக்கலாம். பெயரெழுதிக் கையொப்பமிட்டிருந்தது இயந்திரமல்ல, ஒரு மனிதர்தான் என்பதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு முதலில் ஜெமியை அழைத்தாள். ஜெமி கேட்டு முடிப்பதற்குள், "எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

மும்பை சர்வர் திறந்த நாள் திங்கட்கிழமை. அன்று விடுமுறை எதுவும் இல்லை. அனுசியா அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். மூவரும் தஸ்நேவிஸின் மேல்தளத்தில் நின்றார்கள். ஜெமி அமுக்கினாள். மரியானின் பெயருக்குக் கீழே இருந்த 'பணியாள்' மறைந்து 'உரிமையாளர்' என்று வந்தது. ஜெமியின் பெயருக்குக் கீழேயும் அதே சொல்.

மரியானின் போன் வழியாகத் திரேஸ்புரத்துக் காற்று இரைந்தது. பிறகு, "பாதி போதும்" என்றார். "முழுசா இருந்தப்ப தனியா சுத்திட்டு இருந்தேன். பலகையும் நானே மாத்தணும். இனி பாதி பலகை அந்தப் புள்ள மாத்தட்டும்."

"நான் மோதுததுக்கு நான் மாத்துதேன் அண்ணே. அது பாதிக்கு மேலயே வரும்" என்றாள் ஜெமி.

"பேரை மாத்தணும்னா மாத்திக்கிடு. ஒனக்கும் உரிமை இருக்கு."

"நான் சர்ச்சுல வேற பக்கம்தான், எங்களுக்கு மாதா கெடையாது. ஆனா பேரு நல்லாருக்கு. இருக்கட்டும்."

அவர் பாய்களை அவிழ்த்தார். கப்பல் இதுவரை போனதைவிட வேகமாகப் போனது, மும்பையின் புண்ணியம். தெற்குத் தீவுகள் தூரத்தில் நீலமாகத் தெரிந்தன. அனுசியா அன்றைக்குச் சேதி எதுவும் சேகரிக்கவில்லை. கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓரமாக நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஜெமி எதையோ இழுத்துப் போட்டாள். ஊதா நிறத்தில், கொம்பு வைத்து, பூனை மாதிரி மீசையோடு ஒன்று தளத்தில் கிடந்து துள்ளியது.

"அண்ணே, நீங்க கடல்காரரு. இது என்ன மீனு?"

மரியான் சுக்கானை விட்டு வந்து, குனிந்து, நன்றாகச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஃபின்லாந்துக்காரன் மீனு" என்றார். "கொழம்பு வச்சுப் பாத்துட்டுச் சொல்லு."