பிரேக் மிதித்தால் நிற்கிற சத்தம்

வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். அதுதான் டாக்டருக்குப் பிடிக்காது. டை கட்டிய வங்கி மேலாளர் ஒருவர் பட்டறை வாசலில் நின்று உதட்டைக் குவித்து "க்ர்ர்ரீச்" என்பார். பல் வைத்தியம் பார்க்கிற அம்மா, தன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் கற்றுக்கொண்டது போல "ஈஈஈ" என்பார். ஆட்டுக்குட்டி மாதிரி ஒருவர், அம்மிக்கல் மாதிரி ஒருவர். எல்லாரையும் டாக்டர் ஒரே பார்வையில் அளந்துவிட்டு, "நீங்க வாய மூடுங்க, வண்டி பேசட்டும்" என்பார்.

அவர் படித்த டாக்டர் இல்லை. பிரேக் வேலை மட்டும் பார்க்கிற மெக்கானிக். இருபத்தெட்டு வருஷமாகக் காதாலேயே நோய் கண்டுபிடித்ததால் ஊர் வைத்த பேர் அது. பட்டறைக்குப் பின்னால் ஒரு கிடங்கின் நீளமான மதில் இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு மதிலை ஒட்டி மெதுவாக ஓட்டினால், சக்கரத்தில் பிறக்கிற சத்தம் சுவரில் மோதி நேராக டிரைவர் காதுக்கே திரும்பி வரும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சுற்று. இறங்கும்போதே, "பின்னாடி இடது பக்கம், தூசி", "முன்னாடி வலது, பிரேக் பேட் எரிஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மற்ற மெக்கானிக்குகளை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை.

போன மழைக்காலத்தில் சில்வண்டுகள் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன என்று அவர் நினைத்தார். பூச்சிகளுக்குக்கூட இந்த ஊர் பிடிக்கவில்லை என்று சாப்பிடும்போது சொன்னார். மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்து, "அதுங்க தொல்லையில நான் ரெண்டு நாளா தூங்கல" என்றாள். அப்புறம் கைக்கடிகாரத்தின் அலாரம் அடிப்பதை நிறுத்தியது. பேட்டரி மாற்றினார். அப்போதும் அடிக்கவில்லை. மனைவி வந்து, "எவ்வளவு நேரமா கத்துது, நிறுத்துங்களேன்" என்றாள்.

இரும்பு தேய்க்கிற கிரைண்டருக்கும் நட்டு கழற்றுகிற காற்றுத் துப்பாக்கிக்கும் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வைத்திருந்த காது. பேச்சு கேட்டது, ஹாரன் கேட்டது, திட்டினால் நன்றாகக் கேட்டது. மெல்லிய கூர்மையான சத்தம் மட்டும் போய்விட்டது. அதாவது, எந்தச் சத்தத்தை வைத்து அவர் பேர் வாங்கினாரோ அது மட்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரையும் முன்பைவிட அதிகமாகக் கேவலப்படுத்த ஆரம்பித்தார். "சத்தமே இல்லையே, உங்க காதுல குடைச்சல்" என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் வெட்கப்பட்டுப் போய்விடுவார்கள். அடுத்தவரின் தன்மானத்தில் தன் செவிட்டை ஒளித்து வைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆனால் மாப்பிள்ளைக்கு வெட்கம் கிடையாது.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். பார்த்த நாள் முதலாக டாக்டருக்கு அவரைக் கண்டால் இளக்காரம். நட்டு எது, போல்ட் எது என்று தெரியாத கை. அந்தக் கையில்தான் தங்கையைப் பிடித்துக் கொடுத்தோம் என்கிற ஆற்றாமை வேறு. வாங்க, போங்க என்ற மரியாதையை விடாமலே ஒரு மனிதரை எவ்வளவு தூரம் மட்டம் தட்டலாம் என்பதைப் பதினாறு வருஷமாகப் பழகி வைத்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. இன்னைக்குக் கச்சேரி இல்லையா?"

"பள்ளிக்கூடம் லீவு மச்சான்."

"பிள்ளைங்க பிழைச்சுதுங்க. என்ன, மறுபடியும் சத்தமா?"

"மறுபடியும்தான். மூணாவது தடவை."

"உங்களுக்கு மட்டும்தானே கேக்குது?"

"உங்க தங்கச்சிக்கும் கேக்குது."

"பதினாறு வருஷம் உங்க பாட்டைக் கேட்டவ. அவ காதெல்லாம் ஒரு சாட்சியா?"

மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்புதான் டாக்டருக்கு எரிச்சல். திட்டினால் சுருங்க வேண்டாமா?

"நாளைல இருந்து அவளுக்கு மேட்டு ஆஸ்பத்திரியில டூட்டி மச்சான். தினமும் அந்த இறக்கத்துல வரணும். இன்னைக்கு நீங்க 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிட்டா ஓட்டுவேங்கறா. அண்ணன் சொன்னா சரிதானாம்."

டாக்டர் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை. மேட்டு ஆஸ்பத்திரி இறக்கம் அவருக்குத் தெரியும். மூன்று வளைவு, அடியில் லாரிகள் திரும்புகிற சந்திப்பு. போன இரண்டு தடவையும் அவர் குனிந்து, சக்கரத்துக் கம்பிகளின் இடுக்கு வழியாக டார்ச் அடித்து வெளிப்பக்கத்து பேடைப் பார்த்திருந்தார். நல்ல கனமாக இருந்தது. வாத்தியார் வண்டிக்கு இது போதும் என்று அனுப்பிவிட்டார்.

"ஏறுங்க. ஒரு சுத்துப் போவோம்."

மதிலோரம் வண்டி ஊர்ந்தது. டாக்டர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார், ஒரு கண்ணை மூடினார். டயர் மணலை நசுக்குவது கேட்டது. என்ஜின் கேட்டது. வேறு எதுவும் இல்லை. பக்கத்தில் மாப்பிள்ளை, புளிப்பு மிட்டாய் கடித்தவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா மச்சான்?"

"கேக்காம? இதெல்லாம் ஒரு சத்தமா. பூனைக்குட்டி தும்முற மாதிரி."

"விட்டு விட்டு வரலையே, தொடர்ந்து வருதே."

"தொடர்ந்து தும்முது."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தார்.

"இப்போ?"

"இப்பவும்தான்."

"இப்போ நீங்க பிரேக் மேல லேசா கால வெச்சிருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை. "மிதிச்சா நின்னுடும். கால எடுத்தாதான் கத்தும்."

"மிதிச்சா நிக்குதா? அப்போ மிதிச்சுக்கிட்டே ஓட்டச் சொல்லுங்க, நோய் தீர்ந்தது!" என்றார் டாக்டர். அவருக்கே பிடித்துப்போன நக்கல். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். மிதிக்காதபோது கத்தி, மிதித்தால் நிற்கிற சத்தம் தூசியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்கை அழுத்தி நிறுத்துகிற பேட் தேய்ந்து தீரப்போகிறபோது, அந்த டிஸ்கை உரசிக் கூப்பாடு போடுவதற்கென்றே அதன் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அந்தத் தகடு கத்துகிற விதம் இது. முதல் வருஷத்து மெக்கானிக்கும் சொல்லிவிடுவான். மாப்பிள்ளை முதல் தடவையே இதைச் சொன்னாரோ? சொல்லியிருப்பார். கேட்க வேண்டிய அவசியம் டாக்டருக்கு வரவில்லை.

"எப்படி இருக்கும் அந்தச் சத்தம்?" என்று கேட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி.

மாப்பிள்ளை ஒரு கணம் அவரைப் பார்த்தார். 'நீங்கதான் கேட்டீங்களே' என்று சொல்லியிருக்கலாம். டாக்டராக இருந்தால் சொல்லியிருப்பார், நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சத்தத்தை இரண்டு ஸ்தாயி இறக்கி, அடிக்குரலில் பாடினார். மெல்லிய, விடாத, சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்பச் சிறிதாக அலைகிற ஒரே சுரம்.

டாக்டருக்கு அது முழுசாகக் கேட்டது. ரொம்ப நாள் பார்க்காத ஒருவரைத் தெருவில் பார்த்தது மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம். முன்னாடி."

பட்டறைக்குத் திரும்பியதும் டாக்டர் ஜாக்கி வைத்து வலது முன் சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பரைத் தூக்கினார். டிஸ்கின் இரண்டு பக்கமும் பேடைப் பிடித்திருக்கிற இரும்புக் கவ்வி அது. வெளிப்பக்கத்து பேட் புதுசு போலக் கனமாக இருந்தது. உள்பக்கத்து பேடை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். நகத்தின் கனம்கூட இல்லை. ஓரத் தகடு தேய்ந்து வெள்ளிபோல் பளபளத்தது. கவ்வி நகர்வதற்கான சிறு இரும்புக் குச்சிகளான பின்கள் துருவேறி இறுகியிருந்ததால், உள்பக்கம் மட்டுமே தனியாகத் தேய்ந்து தீர்ந்திருந்தது. இடுக்கு வழியாக டார்ச் அடித்தால் தெரியவே தெரியாது. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற மட்டமான மெக்கானிக் எவனாவது இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான்.

"இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் மச்சான்?"

"ஒரு வாரம். அந்த இறக்கத்துல அதுகூட இல்ல."

மாப்பிள்ளை அந்த பேடை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் புது பேட் போட்டார். பின்களைத் துரு போகத் தேய்த்து, சூட்டுக்குத் தாங்குகிற கிரீஸ் தடவினார். மாப்பிள்ளை கிரீஸ் டப்பாவைக் காட்டி, "இதைப் பேட்லயும் கொஞ்சம் தடவிட்டா சத்தமே வராதுல்ல?" என்று கேட்டார்.

"வராது. வண்டியும் நிக்காது. ரெண்டு தொல்லையும் விட்டுது!" டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க. அந்த ஆர்மோனியப் பொட்டி மாதிரி இது இல்ல, தப்பா வாசிச்சா கை தட்ட ஆள் இருக்காது."

மறுபடி மதிலோரம். இந்தத் தடவை தலையைச் சாய்க்கவில்லை, கண்ணை மூடவில்லை. நேராகப் பார்த்து ஓட்டினார். பாதி மதில் போனபிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்போ?"

"இல்ல."

"நல்லாக் கேளுங்க. சும்மா என்னைத் திருப்திப்படுத்த வேண்டாம்."

"இல்ல மச்சான். மணல் சத்தம்தான்."

டாக்டர் மதில் முடிகிறவரை ஓட்டி, திருப்பி, இன்னொரு தடவையும் ஓட்டினார். இரண்டாம் தடவையும் கேட்டார். மாப்பிள்ளை இரண்டாம் தடவையும் காதைக் கொடுத்துக் கேட்டுப் பதில் சொன்னார்.

வாசலில் இறங்கியதும் தேய்ந்த பேடை ஒரு பழைய துணியில் சுற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"அவகிட்ட காட்டுங்க. அண்ணன் ரெண்டு தடவை பார்த்து விட்டுட்டான்னு சொல்லுங்க."

"ஏன்னு கேப்பா."

"கேப்பா."

"வேலை ஜாஸ்தி, கவனிக்கலன்னு சொல்லிடறேன்."

அது நல்ல வழியாகத்தான் இருந்தது. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்தார். பிறகு, "பொய் சொல்லக்கூட உங்களுக்கு ஒழுங்கா வராது. மாட்டிக்குவீங்க" என்றார். "காது போச்சுன்னு சொல்லுங்க. அவகிட்ட மட்டும். அவ நர்சு, எப்படியும் நாளைக்கே வந்து டார்ச் அடிச்சுப் பார்ப்பா. பார்க்கட்டும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறக்கும்போதே வாயையும் திறந்தார்.

"டாக்டர், பின்னாடி ஒரு மாதிரி கீ...ச்..."

"நீ வாய மூடு" என்றார் டாக்டர் பழக்கத்தில். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பாமலே சொன்னார்: "லீவு நாள்ல வீட்ல சும்மாதானே பாடிக்கிட்டு இருப்பீங்க. அக்கம்பக்கத்துக்கும் தொல்லை. இதுல ஏறி உக்காருங்க. ஒரு சுத்து."

மாப்பிள்ளை துணிப் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டார். "திட்டுவீங்களே மச்சான்."

"திட்டத்தான் போறேன். ஏறுங்க."